அக்காவின் வலது முட்டி

1

காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு மாமா என் தோளை உலுக்கி, "மாப்ள, ஒங்கக்காவ எங்கயாச்சும் அனுப்பிச்சீங்களா?" என்று கேட்டார். எல்லாம் கோணலாகப் போகத் தொடங்கிய நிமிடம் அதுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. பெரம்பலூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் அக்கா வீடு. ஆறு மணிக்கு வாடகைக் கார் வரும். எட்டரைக்குள் திருச்சி மருத்துவமனையில் இருக்க வேண்டும். மதியம் அக்காவின் தேய்ந்துபோன வலது முட்டியை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைப்பார்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் எதையும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து மூன்று வார விடுப்பில் நான் வந்திருந்ததே இதற்காகத்தான்.

அக்காவின் கட்டில் காலி. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த என் பதினேழு வயது மகள் இனியாவும் இல்லை. வாசலில் மாமாவின் மொபெட் இல்லை. அடுப்படியில் குக்கர் மட்டும் சூடாக இருந்தது.

இது நடந்து ஒரு வருடமாகிறது. இன்றும் விடியற்காலையில் கைப்பேசி அதிர்ந்தால் முதலில் இனியாவின் அறையை எட்டிப் பார்க்கிறேன், அப்புறம்தான் எடுக்கிறேன். பேசிப் பார்த்தேன், அந்தப் பயம் போகவில்லை. எழுதினால் போகிறதா என்று பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் "அங்க அப்புடி என்னதான் வேல பாக்குற?" என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

2

வட இங்கிலாந்தில், வருடத்தில் எட்டு மாதம் ஈரமாகவே கிடக்கும் ஒரு சிறு ஊரில், நான் முட்டி பார்க்கிறேன். சான்றிதழில் இயன்முறை மருத்துவர் என்று இருக்கிறது. இங்கே பிசியோ என்பார்கள். மாமா மட்டும் "நம்ம மாப்ள வெள்ளக்காரனுக்குக் காலு புடிச்சுவுடுறாரு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கிட்டத்தட்டச் சரிதான்.

என்னிடம் வருபவர்கள் எல்லாரும் வருடக்கணக்காக முட்டி வலியோடு குடித்தனம் நடத்துபவர்கள். பரிசோதனை என் அறைக்குள் தொடங்குவதில்லை. வெளியே நாற்காலியில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதே தொடங்கிவிடும். கை ஊன்றி எழுகிறாரா, எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறார், எழுந்து நின்று ஒரு நொடி ஆண்டவனைத் திட்டுகிறாரா, எல்லாம் பார்த்துவிடுவேன். உள்ளே படுக்கவைத்து வீக்கம் இருக்கிறதா, எவ்வளவு மடங்குகிறது, முழுதாக நீள்கிறதா, தொடைச் சதை இளைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். இடுப்பையும் விடுவதில்லை. மாமியார் மேல் உள்ள கோபத்தைப் பாத்திரத்தில் காட்டுவதுபோல, இடுப்பில் கோளாறை வைத்துக்கொண்டு முட்டியில் வலிக்கும் ஆட்கள் உண்டு.

எக்ஸ்ரேயை நம்பி ஒன்றும் ஆகாது. படத்தில் முட்டி இடிந்த கோட்டைபோல இருக்கும், ஆள் நாயை இழுத்துக்கொண்டு குன்று ஏறிக்கொண்டிருப்பார். இன்னொருவருக்குப் படம் பளிங்கு மாதிரி இருக்கும், மாடிப்படியில் உட்கார்ந்து அழுவார். ஆகவே படத்தைவிட ஆளைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் வலிக்கு மதிப்பெண் சொல்வார்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது. நம்மிடம் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு என்று வலிக்கு ஒரு குடும்ப அட்டையே இருக்கிறது. இங்கே எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடைத்துவிடுகிறார்கள்.

நமக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே கால்தான். வந்த புதிதில் ஒரு முதியவரிடம், பாதத்தைச் சொல்வதாக நினைத்து, "உங்கள் லெக்கைத் தரையில் வையுங்கள்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மெதுவாக இறங்கி, முழுக்காலையும் தரையில் நீட்டிப் படுத்துவிட்டார். தூக்கி நிறுத்த இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.

வைத்தியம் என்று நான் கொடுப்பது பெரும்பாலும் உடற்பயிற்சி. தொடைச் சதை பலப்பட்டால் முட்டிக்குப் பாரம் குறையும். உடம்பு எடையும் குறைந்தால் இன்னும் நல்லது. வலி இருந்தாலும் நடக்கலாம், நடந்தால் முட்டி தேய்ந்துவிடாது. இதைச் சொன்னதும் எல்லார் முகத்திலும் ஒரே பாவம் வரும்: இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? இதில் வெள்ளைக்காரர், நம்மவர் என்ற வித்தியாசமே கிடையாது.

3

என் அக்கா அமிர்தத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. சின்ன வெங்காயம் போடும் வீடு. அறுவடை வந்தால் வாரக்கணக்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாள் அறுத்து, பெரிது சிறிது பிரித்து, மூட்டை கட்டியாக வேண்டும். வெங்காயம் கண்ணைத்தான் கரிக்க வைக்கும் என்று நினைக்கிறார்கள். அது முட்டியையும் சேர்த்துத்தான் தின்கிறது.

அவளுடைய முட்டியை நான் நான்கு வருடம் வீடியோ அழைப்பில் பார்த்தேன். பார்த்தேன் என்பது மிகை. முட்டியைக் காட்டச் சொன்னால் முகத்தைக் காட்டுவாள், முகத்தைக் காட்டச் சொன்னால் மின்விசிறியைக் காட்டுவாள்.

"வலிக்குப் பத்துக்கு எத்தன மார்க்குக்கா குடுப்ப?"

"பாஸாவற மாதிரி போட்டுக்கடா."

"வெளையாடாத. ரொம்ப வலிச்சா பத்து."

"பத்துன்னு சொன்னா நீ அங்க ஒக்காந்துகிட்டு பயப்புடுவ. மூணு போடு."

லப்பைக்குடிக்காட்டில் அவளுக்குப் பாத்திமா என்று ஒரு பள்ளித் தோழி. கணவர் குவைத்தில். அவர் விடுமுறையில் வந்தால் அக்காவுக்கு ஒட்டகக் கொழுப்புத் தைலம் ஒரு பாட்டில் வந்துவிடும். ஒருமுறை நான் வீடியோவில் இருக்கும்போதே பாத்திமா அதை அக்காவின் முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்திமாக்கா, அதுல ஒண்ணும் இல்ல. சும்மா எண்ண."

"ஏன் தம்பி, பாலைவனத்துல அம்மாம் பாரத்தத் தூக்கிட்டு மண்டி போட்டு மண்டி போட்டு எந்திரிக்குதே, ஒட்டகம் என்னிக்காச்சும் முட்டி வலின்னு ஒங்ககிட்ட வந்துச்சா?"

என் இருபது வருடப் பதிவேட்டில் ஒரு ஒட்டகம்கூட இல்லைதான்.

பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்க வேண்டும், மாமா எண்ண வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தாள். வலி குறையவே இல்லை. அப்புறம் ஒருநாள் கைப்பேசி தற்செயலாகச் சரியான கோணத்தில் நின்றபோதுதான் தெரிந்தது, அத்தனை நாளும் அவள் நீட்டியது இடது கால்.

"வலிக்கிறது வலதுதானேக்கா?"

"ஆமா. வலிக்கிற கால எதுக்குடா போட்டுத் தொந்தரவு பண்ணணும்? நல்லா இருக்கறதச் செய்ய வச்சேன்."

பிறகு வலதுக்கும் செய்தாள். ஊசி போட்டுக்கொண்டாள். முட்டிக்கு உறை மாட்டினாள், அதைக் கோழி கொத்திக்கொண்டு போயிற்று என்று சொன்னாள், நான் நம்பவில்லை. கால் வில்லாக வளைந்துகொண்டே வந்தது. ஒருநாள் கழிப்பறையில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் உள்ளிருந்து கதவைத் தட்டி மாமாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அன்று மாலை அவளே என்னை அழைத்தாள். சிரிக்கவில்லை. "மாத்திவுட்ருடா" என்றாள்.

4

முட்டியை மாற்றுவது சுலபம். அதற்கு முன்னால் ஆளை அலைக்கழிப்பதில் இரண்டு அரசாங்கங்களும் சளைத்தவை அல்ல.

இங்கே என் மேலாளர் அன்பாகவே கேட்டார்: "உங்கள் சகோதரி உங்களைச் சார்ந்து வாழ்பவரா?" ஆறு வயதிலிருந்து நான்தான் அவளைச் சார்ந்து வளர்ந்தேன் என்றேன். அதற்கு விடுப்பு விதிகளில் இடமில்லையாம். வருட விடுப்பு மொத்தத்தையும் போட்டுக் கிளம்பினேன். அங்கே போனால் காப்பீட்டு அட்டையில் அக்கா அமிர்தம், ஆதாரில் அமிர்தவல்லி. இரண்டு பேருக்கும் ஒரே முட்டிதான் என்று நிரூபிக்கத் தாலுகா ஆபீசில் நான் நின்ற நிலைக்கு எனக்கே மூட்டு மாற்றியிருக்கலாம்.

என் மனைவி கலா செவிலியர். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இனியாவைத்தான் கூட்டிப் போனேன். தேர்வு முடிந்து சும்மா இருந்தாள். அவளைப் பற்றி எனக்கிருந்த கவலைகளைச் சொன்னால் உங்களுக்கும் பழக்கப்பட்டதாகவே இருக்கும். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். ஆங்கிலத்தில் கேட்டால் தோள் குலுக்கல். பள்ளியில் மதம் என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதியிருந்தாள். கலா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அதை மறந்துவிட்டு மகளோடு கடைக்குப் போனாள்.

ஊருக்கு வந்த இரண்டாம் நாளே இனியா அக்காவோடு ஒட்டிக்கொண்டாள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, இவளுக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். என்னிடம் தோள் குலுக்கும் பெண் அவளிடம் கையைக் காலை ஆட்டிக் கதை சொன்னாள். பொறாமையாக இருந்தது என்று இங்கே சொல்லிவிடலாம், கலா இதையெல்லாம் படிப்பதில்லை.

வியாழன் மாலை அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்து, மறுநாள் என்ன நடக்கும், பிறகு எப்படி நடக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தேன்.

"இனிமே தரையில ஒக்காரக் கூடாது. குத்துக்கால் வைக்கக் கூடாது. மண்டி போடவே கூடாது."

"கொஞ்ச நேரம்கூடயா?"

"ஒரு நிமிசம்கூட."

இங்கே என் நோயாளிகளுக்கு நான் அப்படிச் சொல்வதில்லை. மூட்டு மாற்றியவர்களும் சில மாதம் கழித்து, தலையணை போட்டு, மெல்ல மண்டியிட்டுப் பழகலாம். தோட்டத்தில் பூச்செடி நட ஆசைப்படுபவர்களுக்கு நானே சொல்லித் தருகிறேன். ஆனால் எங்கள் வீட்டு ஆட்களை எனக்குத் தெரியும். 'கொஞ்சம்' என்று சொன்னால் பத்து மூட்டை வெங்காயத்தோடுதான் எழுந்திருப்பாள். அதனால் கதவை இழுத்துச் சாத்தினேன். அக்கா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

"பயந்துகிட்டு ஓடிட்டா மாப்ள" என்றார் மாமா. "கண்ணு ஆபரேசனுக்கு நான் ஓடல?"

"நீங்க எங்க ஓடுனீங்க?"

"அரியலூர்ல தங்கச்சி வூட்டுக்கு. மத்தியானம் கறிக்கொழம்பு வச்சாங்க, சாப்ட்டுட்டு வந்துட்டேன்."

"ஓடுறவ இனியாவ எதுக்குக் கூட்டிட்டுப் போவணும்?"

"வண்டி ஓட்ட ஆளு வேணாமா?"

"அவளுக்கு மொபெட்டு ஓட்டத் தெரியாது மாமா."

மாமா கூரையைப் பார்த்தார். "அது வந்து... சும்மா... களத்துல ரெண்டு ரவுண்டு பழக்கிவுட்டேன். நல்லா புடிச்சுக்கிச்சு மாப்ள. பிரேக்குதான் இன்னும் கொஞ்சம்..."

அதற்கு மேல் அவர் சொன்னது என் காதில் விழவில்லை. எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறினால் சுண்ணாம்புக்கல் லாரிகள். இங்கிலாந்தில் சைக்கிளில் கடைக்குப் போகக்கூடத் தலைக்கவசம் இல்லாமல் நான் அவளை விடுவதில்லை. அன்று உரிமமில்லை, தலைக்கவசமில்லை, பின்னால் முட்டி மடங்காத அத்தை. இரண்டு பேர் கைப்பேசியும் அணைந்திருந்தது.

டார்ச் அடித்துக் கிணற்றைப் பார்த்தேன். தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு முறை பார்த்தேன். "வண்டியோட வுழுந்திருந்தா சத்தம் கேட்ருக்குமே" என்று மாமா ஆறுதல் சொன்னார்.

ஐந்தரைக்குக் கலாவின் அழைப்பு. இரவுப் பணியின் இடைவேளையாம்.

"அண்ணி ரெடியா? இனியாகிட்ட குடுங்க."

"குளிக்கிறா."

"யாரு, இனியாவா? அஞ்சரைக்கா?" இந்தப் பெண் பதினோரு மணிக்கு முன் எழுந்ததில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். "என்னங்க, எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க."

"சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டேன்.

கார் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினார். "பேஷண்ட் கெளம்பிட்டாங்களா சார்?"

"கெளம்பிட்டாங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதே காரில் பெரம்பலூர் பேருந்து நிலையம் வரை போனோம். சாலையோரம் நான்கு பேர் கூடி நின்ற இடத்திலெல்லாம் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மாடு கன்று போட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள், நம் ஊரில் அதற்கும் நான்கு பேர் கூடுவார்கள். ஏழரைக்குத் திரும்பி வந்தோம். யாரும் வந்திருக்கவில்லை. மாமாவே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். எனக்குப் பயம் முற்றியது அப்போதுதான்.

6

எட்டு மணிக்கு மேல் மொபெட் சத்தம் கேட்டது.

இனியா ஓட்டி வந்தாள், மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாக. பின்னால் அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் ஒரு தூக்குவாளியை அணைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம், மூக்கில் மண், மோவாயில் மண், புடவையில் முட்டிக்கு நேரே இரண்டு பக்கமும் செம்மண் வட்டம்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மாமா பிறகு சொன்னதை வைத்துப் பார்த்தால் பாதி ஆங்கிலமாம், கேட்கவே நன்றாக இருந்ததாம்.

"கத்தாத. எறங்கக் கை குடு" என்றாள் அக்கா.

"எங்கக்கா போன?"

"செல்லியம்மன் கோயிலுக்கு. மண்சோறு சாப்புட."

கோயில் தரையில், இலை போடாமல், வெறும் மண்ணில் சோற்றைக் கொட்டி, மண்டியிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுத்து உண்பதுதான் மண்சோறு. குழந்தைக்காக வேண்டிக்கொள்பவர்கள் செய்வது.

"இன்னிக்கு ஆபரேசன்க்கா!"

"அதனாலதான்டா இன்னிக்கே போனேன். இவ கலா வயித்துல தங்கமாட்டான்னு அந்த ஊரு டாக்டருங்க கைய விரிச்சப்ப வேண்டிக்கிட்டது. பொறந்த புள்ளையப் பக்கத்துல வச்சுக்கிட்டு சாப்புடுறேன்னு சொல்லியிருந்தேன். நீ புள்ளையக் கூட்டிட்டு வந்தா வெள்ளிக்கெழம வாய்க்காது, வெள்ளிக்கெழம வாய்ச்சா நீ வரமாட்ட. இந்தத் தடவ மொத வெள்ளி இவ வூட்டுக்குத் தூரம். ரெண்டாவது வெள்ளி நீ ஸ்கேனுக்கு இழுத்துட்டுப் போயிட்ட. நேத்து என்னடான்னா மண்டியே போடக் கூடாதுங்கற."

"எங்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா வுட்ருப்பியா? வேண்டுனது இந்த முட்டி. நாளைக்கு இருக்கப் போறது டாக்டரு வச்ச முட்டி. அதுக்கும் ஆத்தாளுக்கும் என்னடா பேச்சுவார்த்த?"

அவளைக் கட்டிலில் உட்காரவைத்துப் புடவையை முட்டிக்கு மேல் ஒதுக்கினேன். இரண்டு முட்டியிலும் தோல் உரிந்திருந்தது. வலதில் ரத்தம் கசிந்து மண்ணோடு காய்ந்திருந்தது. வேறு எந்த அறுவை சிகிச்சை என்றாலும் யாரும் பொருட்படுத்தாத சிராய்ப்பு. ஆனால் மூட்டு மாற்றும் இடத்தில் தோல் உரிந்திருந்தால் கத்தி வைக்கமாட்டார்கள். கிருமி உள்ளே போனால் புது மூட்டே பாழ். வயிற்றுக்குள் சோறு வேறு.

மருத்துவமனைக்குப் பேசினேன். அறுவை மருத்துவரே எடுத்தார். முழுவதையும் கேட்டுவிட்டு இரண்டு முறை இருமினார். சிரிக்கிறார் என்று தோன்றியது. "தோல் நல்லா ஆறட்டும் சார். மூணு வாரம் போகட்டும்" என்றார். எனக்கு விமானம் அடுத்த செவ்வாய்க்கிழமை.

அந்த முட்டியை ஐந்து வாரம் கழித்து மாற்றினார்கள். நான் அங்கே இல்லை. வீடியோவில் நான் சொல்ல, மாமா எண்ண, அக்கா காலை மடக்கினாள். இப்போது வெங்காயக் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களை வேலை வாங்குகிறாளாம். இதெல்லாம் நடக்கும் என்று அந்தக் காலையில் எனக்குத் தெரியாது. இதற்காகவே கடல் தாண்டி வந்து, இதை நடத்தாமலேயே திரும்பப் போகிறேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"மூணு வாரத்துல நான் இங்க இருக்கமாட்டேன்க்கா" என்றேன்.

"தெரியும்டா" என்றாள். வெந்நீரில் துணியை நனைத்து அவள் முட்டியிலிருந்த மண்ணைத் துடைத்தேன்.

இனியா மொபெட்டை நிறுத்திவிட்டு வாசற்படியிலேயே நின்றிருந்தாள். நான் திட்டப்போகிறேன் என்று காத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். கிட்டே போனபோது அவள் மோவாயிலும் மண் ஒட்டியிருந்தது. ஜீன்ஸில் முட்டிக்கு நேரே அதே செம்மண் வட்டம்.

"நீ எதுக்குடா மண்டி போட்ட?" என்றேன்.

"அத்தையால ஃபுல்லா குனிய முடியலப்பா" என்றாள் தமிழில். "பாதிதான் சாப்ட்டாங்க. அழுதாங்க. அப்புறம் மீதிய நான் சாப்ட்டேன்." பிறகு அத்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "நல்லாதான் இருந்துச்சு. ஆனா உப்பே இல்ல" என்றாள்.